உஷார்! பேனா கடையும்போது செல்போன் திரையை நம்பாதீர்கள்!

மரக்காணம் பக்கம் வீட்டுக் கொட்டகையில் சின்ன லேத் மெஷின் வைத்துப் பேனா கடையும் பிள்ளைகளே, உளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இதைப் படித்துவிட்டு எடுங்கள்.

கையால் கடைந்த பேனாவுக்கு இன்று நல்ல மவுசு. திருவள்ளூர் ரங்கா, ராஜமுந்திரி ரத்னம் என்று பெயர் வாங்கிய பட்டறைகளின் எபோனைட் பேனாக்களை வெளிநாட்டுக்காரர்களும் தேடி வாங்குகிறார்கள். அதைப் பார்த்து நீங்களும் தொடங்கியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் பட்டறைக்காரர்கள் மூத்தவர் பக்கத்தில் நின்று தொழில் பழகியவர்கள். நீங்கள் பழகுவது வீடியோ பார்த்து. விபத்தை எந்த வீடியோவும் காட்டுவதில்லை!

நடந்ததைச் சொல்கிறேன். உப்பளத்தை ஒட்டிய ஊர்ப் பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம். பழைய கட்டில் காலில் கிடைத்த ஈட்டி மரத்தில் அழகழகாகப் பேனா கடைவாள். பாத்தி வரப்பில் உப்பு மேல் வைத்துப் போட்டோ எடுத்துப் போடுவாள். ஆர்டர் வரத் தொடங்கியது. “கடையுறதையும் காட்டுங்க அக்கா” என்றார்கள் வாங்குகிறவர்கள். போனை ஸ்டாண்டில் மாட்டினாள். காதில் இயர்போன், பாட்டு. மெஷின் ஓடுகிறது. திரையில் பார்த்தால் கட்டை அசையாமல் நிற்கிறது. நின்றுவிட்டது என்று நினைத்துக் குனிந்தாள்.

துப்பட்டா நுனி மாட்டியது.

ஓடி வந்து தம்பி பிளக்கைப் பிடுங்கினான். உயிர் தப்பியது. கழுத்தைச் சுற்றித் தோல் உரிந்து, இரண்டு விரல் நகம் பெயர்ந்துபோனது. தம்பி வீட்டில் இல்லாதிருந்தால்?

ஏன் அப்படித் தெரிந்தது? போன் விநாடிக்கு 30 படம் எடுக்கிறது. மெஷின் நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடினால், அதுவும் விநாடிக்கு 30 சுற்று. ஒவ்வொரு படத்திலும் கட்டை அதே நிலையில்தான் விழும். திரையில் அசைவே இருக்காது. நம் உப்பளத்து வெயிலில் படம் கலங்காமல் பளிச்சென்று விழும். ஏமாறுவது இன்னும் சுலபம்.

திரையில் நிற்கிற மெஷின், நேரில் ஓடிக்கொண்டிருக்கும்!

15 மில்லிமீட்டர் தடிமன் கட்டைதானே என்று அலட்சியம் வேண்டாம். அந்த வேகத்தில் அது விநாடிக்கு ஒன்றேகால் மீட்டருக்கு மேல் துணியைச் சுருட்டும். முழுத் துப்பட்டாவும் உள்ளே போக இரண்டு விநாடி போதும். “ஐயோ” என்று கத்தக்கூட நேரம் இருக்காது.

இந்த அறிகுறிகள் உங்கள் கொட்டகையில் இருக்கிறதா, பாருங்கள்:

• உடம்பில் தொங்குவது ஏதாவது உண்டா? முந்தானை, பின்னாத கூந்தல், வளையல், மணிக்கட்டில் கோயில் கயிறு, இயர்போன் வயர். எல்லாமே ஆபத்து. கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். லேத்தில் கையுறை மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

• உப்புத்தாளை விரலில் சுற்றிப் பிடிக்கிறீர்களா? இன்றோடு விடுங்கள். சின்னத் துண்டாக, நுனியில் மட்டும் பிடியுங்கள்.

• சக் சாவி சக்கிலேயே இருக்கிறதா? ஸ்விட்ச் போட்ட நொடியில் அது கல்லாய்ப் பறந்து முகத்துக்கு வரும்.

• மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறதா? நம் ஊர் உப்புக்காற்று எர்த் கம்பியையும் ஸ்விட்ச் முனைகளையும் அரித்துத் தின்றுவிடும். உடனே நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள்.

• கடைந்த அன்று ராத்திரி மூக்கடைப்பு, கண் எரிச்சல், கையில் தடிப்பு வருகிறதா? ஈட்டி மரத்தூள் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே சொல்லிவிட்டது. கைக்குட்டை போதாது. என்-95 மாஸ்க் கட்டாயம்.

• பளபளப்புக்கு சூப்பர் குளூ பூசுகிறீர்களா? பஞ்சிலோ பருத்தித் துணியிலோ அது கொட்டினால் கொதித்துப் புகையும், கையைச் சுட்டுவிடும். செல்லுலாய்ட் கட்டையோ தீப்பொறி பட்டால் குபீரென்று பற்றிக்கொள்ளும். அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டுமே கூடாது.

• பாலிஷ் கரைக்கிற ஸ்பிரிட் தண்ணீர் பாட்டிலில் இருக்கிறதா? இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். மலிவு ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கலாம். 2023 மே மாதம் நம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை வீட்டு விளக்கை அணைத்தது! தாகத்தோடு வரும் குழந்தைக்கு பாட்டிலில் இருப்பது என்னவென்று தெரியுமா? ஒட்டுச்சீட்டு ஒட்டிப் பூட்டி வையுங்கள்.

போட்டோ எடுக்கும்போதும் கவனம். பேனாவை உப்பு மேல் வைக்காதீர்கள். ஒட்டிய உப்பு ஈரத்தை இழுத்து எஃகு நிப்பைத் துருப்பிடிக்க வைக்கும். எபோனைட் ரப்பரும் கந்தகமும் சேர்ந்தது. வெயிலும் ஈரமும் பட்டுப்பட்டு கருப்பு பழுப்படித்துப் போகும். வாங்கினவர் திருப்பி அனுப்பினால் நஷ்டம் யாருக்கு? லென்ஸில் உப்புப் பொடி இருந்தால் துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் ஊதி எடுங்கள். வீட்டுக்குள் ஜன்னல் ஓரம், வெள்ளைத்தாள் விரித்து எடுத்தாலே படம் அருமையாக வரும்.

மெஷின் ஓடுவதைக் காட்டியே ஆக வேண்டுமா? போனை இன்னொருவர் பிடிக்கட்டும். அவர் கை எட்டும் தூரத்தில் மெயின் ஸ்விட்ச் இருக்கட்டும். கடைகிறவர் கண் கட்டையை விட்டு நகரக் கூடாது. தனியாக இருக்கிறீர்களா? அன்றைக்கு வீடியோ வேண்டாம்.

ஸ்விட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். கட்டை நின்றதை உங்கள் கண்ணால் பாருங்கள், திரையில் அல்ல. அதன் பிறகு கை நீட்டுங்கள்.

உங்கள் தெருவில் பேனா கடைகிற பிள்ளை யாராவது இருந்தால், இன்றைக்கே இதை வாசித்துக் காட்டுங்கள்.