தோட்டா மாறினால் பன்றி ஓடுமா?

தென்காசி மாவட்டத்தின் மேற்கு எல்லை முழுவதும் மலை. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, வடகரை, மேக்கரை, குற்றாலம், கடையம் என அடிவாரத்தில் எந்த ஊரில் விவசாயிகளுடன் உட்கார்ந்து பேசினாலும் காட்டுப்பன்றி பற்றிய பேச்சு வராமல் இருப்பதில்லை. கரும்பு, வாழை, நெல், மக்காச்சோளம் என்று பயிர் எதுவானாலும், ஒரு கூட்டம் இறங்கினால் ஓரிரவில் ஒரு பருவத்தின் உழைப்பு மண்ணோடு மண்ணாகிவிடுகிறது.

அண்மைக்காலமாக இந்தப் பேச்சில் ஒரு புதிய இழை சேர்ந்திருப்பதைக் கவனிக்கிறேன். கைப்பேசிக் காணொளிகளில் அமெரிக்க வேட்டைக்காரர்களைப் பார்க்கும் இளைஞர்கள், 'பழைய துப்பாக்கியும் பழைய தோட்டாவும் எதற்கு உதவும்? இப்போது வந்திருக்கும் நவீனத் தோட்டாக்கள் இருந்தால் பிரச்னை தீர்ந்துவிடும்' என்கிறார்கள். முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வியைப் புறந்தள்ள எனக்கு மனம் வரவில்லை. புதிய பொருள் ஒன்று உண்மையான தேவையிலிருந்து பிறக்கிறதா, விற்பனையாளரின் தேவையிலிருந்து பிறக்கிறதா என்பது எங்கள் துறையின் பழைய கேள்விகளுள் ஒன்று.

தோட்டா என்பது நான்கு உறுப்புகள் கொண்ட எளிய பொருள். பித்தளை உறை, அடியில் தீப்பொறி தரும் மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. புகையற்ற வெடிமருந்து பரவலானது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். அடுத்த இருபதாண்டுகளுக்குள் ரைஃபிள் தோட்டாவின் அடிப்படை வடிவங்கள் ஏறத்தாழ முடிவாகிவிட்டன. ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் உருவாக்கிய 7×57 மி.மீ. தோட்டா 1890-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஸ்வீடனின் 6.5×55 தோட்டா 1894-இல் வந்தது. அமெரிக்காவின் '30-06' என்ற பெயரிலேயே அது பிறந்த 1906-ஆம் ஆண்டு அடங்கியிருக்கிறது.

இவை அருங்காட்சியகப் பொருள்கள் அல்ல. குதிரையளவு பருத்த கடமான்களை ஸ்வீடன் மக்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக அந்த 6.5 மி.மீ. தோட்டாவால்தான் வேட்டையாடி வருகிறார்கள். குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் சென்ற ஜிம் கார்பெட், ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926-இல் வீழ்த்தியது 0.275 ரிக்பி ரைஃபிளால். அதில் பயன்பட்டது மவுசரின் அதே 7 மி.மீ. தோட்டாதான்.

பிறகு வந்தவை எவை? 2007-இல் '6.5 கிரீட்மூர்', 2021-இல் '6.8 வெஸ்டர்ன்', 2022-இல் '7 மி.மீ. பி.ஆர்.சி.' என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் மேம்பாடே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. நீண்டு கூர்மையான குண்டுகளை இவை செலுத்துவதால் காற்றின் தடை குறைகிறது. பக்கக்காற்றில் குண்டு விலகுவதும் குறைகிறது. ஆனால், அந்த ஆதாயம் துலக்கமாகத் தெரிவது நானூறு, ஐந்நூறு மீட்டருக்கு அப்பால். நூறு மீட்டருக்குள் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு, சுடுபவரின் கைநடுக்கத்துக்குள் மறைந்துவிடும்.

நம் அடிவாரத்துக் கரும்புத் தோட்டத்தில், நள்ளிரவில், கைவிளக்கு வெளிச்சத்தில் ஐந்நூறு மீட்டர் தொலைவில் நிற்கும் பன்றியை யார் பார்க்கப் போகிறார்கள்? அவ்வளவு தொலைவு பாயும் குண்டு குறி தவறினால், அடுத்த தோட்டத்தில் காவலுக்குப் படுத்திருப்பவர் கதி என்ன? தட்டையான நெல்வயலும், நெருக்கமான குடியிருப்பும் உள்ள இடத்தில், 'நெடுந்தூரம் பாயும் ஆற்றல்' என்பது ஆதாயம் அல்ல, ஆபத்து.

அப்படியானால் புதிய தோட்டாக்கள் ஏன் வந்துகொண்டே இருக்கின்றன? நன்கு பேணப்பட்ட ரைஃபிள் ஒன்று மூன்று தலைமுறைக்கு உழைக்கும். தாத்தாவின் துப்பாக்கி பேரனுக்குப் போதுமென்றால், தொழிற்சாலை யாருக்கு விற்கும்? நீடித்துழைக்கும் பொருளை விற்கும் நிறுவனம், தான் விற்ற, விற்கப்போகும் பொருளோடேயே போட்டியிட வேண்டியிருக்கும் என்பதை ரொனால்டு கோஸ் 1972-இல் விளக்கினார். அந்தப் போட்டியிலிருந்து தப்பும் வழிகளுள் ஒன்று, பழைய பொருளைப் பழமையானதாகத் தோன்றச் செய்வது. தோட்டாவின் அளவு மாறினால் பழைய துப்பாக்கியில் அது பொருந்தாது; தோட்டா வாங்குபவர் துப்பாக்கியும் வாங்கியாக வேண்டும். ஒரே பயன்பாட்டுப் பொருளைச் சிறு வேறுபாடுகளால் தனித்துக் காட்டி விற்பதை எட்வர்ட் சேம்பர்லின் 1933-லேயே கோட்பாடாக வகுத்துவிட்டார். சோப்பு, பற்பசைக்கு உள்ள விதி தோட்டாவுக்கும் பொருந்துகிறது.

இந்தியாவில் தோட்டாவின் வரலாற்றை எழுதியது சந்தை மட்டுமல்ல, சட்டமும்தான். ராணுவம் பயன்படுத்திய 0.303 தோட்டா குடிமக்களுக்கு மறுக்கப்பட்டது. அதனால்தான் ஈஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை 0.315 அளவில் வேட்டைத் துப்பாக்கி செய்தது. எனவே, ஒரு தோட்டா பரவலாக இருப்பதே அது சிறந்தது என்பதற்குச் சான்றாகாது.

உண்மையான முன்னேற்றம் ஒன்று நடந்திருக்கிறது. அது உறையில் அல்ல, குண்டில். ஈயக் குண்டு உடலுக்குள் துகள்களாகச் சிதறுகிறது; எஞ்சிய இறைச்சியைத் தின்னும் கழுகுகளும் பிணந்தின்னிப் பறவைகளும் நஞ்சேறி மடிகின்றன. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முற்றிலும் தடை செய்தது. மாற்றாக வந்த செப்புக் குண்டுகளை நூறாண்டு பழைய தோட்டா வகைகளிலும் பொருத்தலாம். ஆக, பயனுள்ள மாற்றத்துக்குப் புதிய துப்பாக்கி தேவைப்படவில்லை.

இனி நம் ஊர்க் கேள்விக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. காட்டுப்பன்றி இன்று அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மனித உயிருக்கோ, விளைந்து நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்து எனும்போது, 11-ஆம் பிரிவின்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரோ, அவரால் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலரோ மட்டுமே கொல்ல அனுமதிக்க முடியும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் பயிர்க் காவலுக்கென்று முதன்மையாகக் குறிப்பிடுவது, வாய்வழியே மருந்து திணிக்கும் பழைய வகைத் துப்பாக்கியை. நவீன ரைஃபிள் தோட்டா நம் விவசாயியின் கைக்கு வரும் வாய்ப்பே இல்லை.

தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். புலியும் செந்நாயும் உண்டு வாழும் விலங்கைக் காட்டுக்கு அருகில் கொல்லாமல் காப்பதில் சூழலியல் நியாயம் இருக்கிறது. ஆனால், நம் மாவட்டத்தில் அதிகம் பாதிக்கப்படும் வயல்கள் பலவும் மலையை ஒட்டியே இருக்கின்றன. அந்த விவசாயிக்கு இந்த மூன்றாம் விதியால் நேரடிப் பயன் இல்லை. காட்டைக் காப்பதன் நன்மை நாடு முழுமைக்கும், அதன் செலவு காட்டோரத்து ஏக்கருக்கும் என்று பங்கிடப்பட்டிருக்கிறது. பொருளியலாளர்கள் இதைப் புறச்செலவு என்பார்கள். விவசாயி அநீதி என்பார். இரண்டும் ஒன்றே.

இந்த அநீதிக்கு உரிய விடை கிடைக்காதபோதுதான் சிலர் அவுட்டுக்காயையும், திருட்டு மின்வேலியையும் நாடுகிறார்கள். பன்றிக்கு வைத்ததில் யானையின் வாய் சிதைகிறது; சில வேளைகளில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதரே மடிகிறார்.

சுடுவதால் மட்டும் பன்றித் தொகை குறைந்துவிடாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஒரே ஈற்றில் பல குட்டிகள் ஈனும் விலங்கு அது. வேட்டை மிகுந்த இடங்களில் பெண் பன்றிகள் இன்னும் இளவயதிலேயே ஈனத் தொடங்குவதை ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியுள்ளன. உணவு கிடைக்கும்வரை தொகை மீளும். எனவே உணவை எட்டவிடாமல் தடுப்பதே நிலையான வழி.

செய்ய வேண்டியவை எளியவை. காட்டுக்கு அருகிலுள்ள முதல் மூன்று கிலோமீட்டரில், தனித்தனி வயலுக்கு அல்லாமல் ஊருக்கே சேர்த்துச் சூரியசக்தி வேலி அமைத்து, அதன் பராமரிப்புக்கும் நிதி ஒதுக்க வேண்டும். பிடிப்பதற்கான கூண்டுகள் போதிய எண்ணிக்கையில் கிராமத்திலேயே இருக்க வேண்டும். இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வர வேண்டும். அறுவடைக் கடனுக்கு வட்டி ஏறிய பிறகு வரும் பணம் இழப்பீடாகாது. சுடும் பொறுப்பேற்ற வனப் பணியாளருக்குக் குறிபார்க்கும் பயிற்சி தொடர்ந்து அளிக்கப்பட வேண்டும். காயம்பட்டுத் தப்பிய பன்றி, காயமில்லாததைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

வேட்டைக்காரருக்குப் புதிய தோட்டா தேவையா என்றால், தொலைதூர இலக்கைப் பயிற்சியோடு நாடும் மிகச் சிலருக்குத் தேவைப்படலாம். மற்றவர்களுக்கு நூறாண்டு பழையதே போதும். தென்காசி விவசாயிக்கு இரண்டும் தேவையில்லை. அவருக்குத் தேவை, விதைத்ததை அறுக்கலாம் என்ற உறுதி. சுடப்பட்ட பன்றிகளை எண்ணுவதை விடுத்து, காப்பாற்றப்பட்ட ஏக்கர்களை எண்ணத் தொடங்கினால், அந்த உறுதியை அளிப்பது அரசுக்கு இயலாத செயல் அல்ல.