"சோம்பேறி" என்று திட்டாதீர்கள்!

பிரபல மலையாள நடிகர் பகத் பாசில். "விக்ரம்", "மாமன்னன்" ஆகிய தமிழ்ப் படங்களிலும் நடித்தவர். 2024-ம் ஆண்டு மே மாதம், கேரளாவில் கோதமங்கலத்தில் நடந்த ஒரு விழாவில் அவர் பேசினார். தமக்கு ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடு இருப்பதாகவும், 41-வது வயதில்தான் அது தெரிந்தது என்றும் சொன்னார்.

அத்தனை வயது வரை தெரியாமல் இருக்குமா?

இருக்கும். இது திடீர் என்று வரும் நோய் அல்ல. சிறு வயதிலேயே தொடங்குவது. லண்டன் டாக்டர் ஜார்ஜ் ஸ்டில் 1902-லேயே இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றிப் பேசினார். ஆனால், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். ஓடித் திரியும் பையனையாவது டாக்டரிடம் காட்டுவார்கள். ஜன்னலைப் பார்த்தபடி கனவு காணும் பெண்ணை யார் கவனித்தார்கள்?

அந்தப் பெண் வளர்ந்து தாய் ஆகிறாள். பிள்ளைக்காக டாக்டரிடம் போகிறாள். டாக்டர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தன்னையே கேட்பது போல் இருக்கிறது! பலருக்கு இப்படித்தான் உண்மை தெரிகிறது.

ஒரு நாள் சாவியை மறந்தவர்களுக்கு எல்லாம் இந்தக் குறை என்று எண்ணிவிடக் கூடாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்று டாக்டர் விசாரிப்பார்.

ஒரு அலமாரி, இரண்டு மணி நேரம்

"புத்தி எங்கே போச்சு?" சிறு வயது முதல் கேட்ட திட்டு இது. இனி யாரும் குறை சொல்லக் கூடாது என்று அவள் முடிவு செய்கிறாள். எதிலும் பிசகு இருக்கக் கூடாது!

விருந்தாளி வருகிறார்கள் என்றால், ஒரே ஒரு அலமாரியை இரண்டு மணி நேரம் துடைப்பாள். அடுப்பில் உலை ஏறி இருக்காது. கரண்டுக்குக் கட்ட வேண்டிய பணம் டப்பாவில் இருக்கும். கடைசி நாளோ போயிருக்கும். சரியாகச் செய்ய முடியாதோ என்ற பயத்தில், வேலையைத் தொடங்கவே கை வராது. இதற்குப் பெயர் சோம்பலா?

மருந்து உண்டு. டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. மனநல ஆலோசனையும் உண்டு. வீட்டாரின் பங்கும் பெரிது. பாதிப் பாத்திரம் துலக்கி இருந்தால், மீதியைக் கணவர் துலக்கலாமே!

இப்போது அவள் வீட்டு நாற்காலியில் மடிக்காத துணி கிடக்கிறது. நாத்தனார் வருகிறாள். துணியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "உட்காருங்க அண்ணி" என்கிறாள். காபி சூடாக வருகிறது.