விழித்திரையில் தெரியும் ரத்தப் புற்றுநோய்

ரத்தப் புற்றுநோயாளிகள் பலருக்கு விழித்திரையில் ரத்தம் கசிகிறது. கசிவு ஓரத்தில் இருந்தால் பார்வை துளியும் குறையாது என்பதால், கண்ணுக்குள் பார்க்காதவரை அது யாருக்கும் தெரிவதில்லை. கண்ணுக்குள் பார்க்க உதவும் ஆப்தால்மோஸ்கோப்பை ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உலகுக்கு அறிவித்தார். அதே கருவியைக் கொண்டு ஜெர்மன் கண் மருத்துவர் ரிச்சர்ட் லீப்ரைஷ் 1860-களிலேயே இந்த மாற்றங்களைப் பதிவு செய்துவிட்டார்.

பெரும்பாலான மாற்றங்களுக்குக் காரணம், கண்ணுக்குள் புற்றணுக்கள் புகுவதல்ல, ரத்தமே கெட்டுப்போயிருப்பதுதான். எலும்பு மஜ்ஜையைப் புற்றணுக்கள் அடைத்துக்கொள்வதால் சிவப்பணுக்களும் தட்டணுக்களும் சரிகின்றன. ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் சில ஆயிரங்களாகும்போது நுண்குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. நரம்பிழைப் படலத்தில் கசிந்தால் தீச்சுடர் வடிவம், ஆழத்தில் கசிந்தால் உருண்டைப் புள்ளி, விழித்திரைக்கு முன்னால் தேங்கினால் மேற்பகுதி தட்டையான படகு வடிவம். நடுவில் வெள்ளையும் சுற்றிலும் சிவப்புமாகத் தெரிவது ராத் புள்ளி. மோரிட்ஸ் ராத் 1872-இல் விவரித்தது கிருமித் தொற்று நோயாளிகளிடம் கண்டதை. அந்த வெண்மை பெரும்பாலும் உறைவுப் பொருள். ரத்தப் புற்றுநோயில் சில சமயம் புற்றணுக்களின் திரளாகவும் இருக்கும்.

கசிவு விழித்திரையின் மையத்தில் விழுந்தால் கதை வேறு. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் காலண்டர் தொங்கும் சுவர் தெரியும், தேதி தெரியாது. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று கடைக்குப் போகிறவர்கள் உண்டு. நாள்பட்ட மைலாய்டு வகையில் வெள்ளணுக்கள் லட்சத்தைத் தாண்டும்போது ரத்தம் கெட்டிப்பட்டுச் சிரைகள் புடைத்து நெளிகின்றன. ஓரத்து நுண்குழாய்கள் அடைபட்டு, சர்க்கரை நோயில் முளைப்பதைப் போன்ற நொய்ந்த புதுக்குழாய்களும் முளைக்கலாம்.

புற்றணுக்கள் நேரடியாகப் புகுவது இதைவிட அரிது, ஆபத்தோ அதிகம். பார்வை நரம்பில் இறங்கினால் சில நாள்களில் பார்வை பறிபோகலாம். கதிர்வீச்சோ, தண்டுவட நீரில் செலுத்தும் மருந்தோ தாமதமின்றித் தொடங்க வேண்டிய அவசர நிலை அது. மைலாய்டு வகைக் குழந்தைகள் சிலருக்குக் கண்குழியில் கட்டி வளர்ந்து விழி பிதுங்கும். லிம்ஃபோபிளாஸ்டிக் வகையிலோ கருவிழிக்குப் பின்னால் வெண்படிவு சேரும். பார்ப்பதற்குச் சாதாரண அழற்சிதான். ஸ்டீராய்டு சொட்டு மருந்துக்குக் கொஞ்சம் அடங்கவும் செய்யலாம். ஆனால் மஜ்ஜை சுத்தமாக இருக்கும்போதே நோய் திரும்பியதற்கான முதல் அடையாளமாக அது இருக்கக்கூடும். ரத்தத்துக்கும் கண்ணுக்கும் இடையிலான தடுப்பைக் கீமோ மருந்துகள் போதிய அளவு கடப்பதில்லை. தப்பிய அணுக்களுக்குக் கண் மறைவிடமாகிவிடுகிறது.

சிகிச்சையும் கண்ணைத் தொடாமல் விடாது. சைட்டாராபின் கண்ணைச் சிவக்க வைக்கும், வின்கிரிஸ்டின் இமையைத் தொங்க வைக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு கண்புரையையும் கண் அழுத்தத்தையும் தரும். மஜ்ஜை மாற்றுக்குப் பின் கண் வறளலாம்.

ரத்த அணுக்கள் சீரானால் கசிவு தானாக வற்றிவிடும், நோயாளி சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு தரப்பு. வற்றுவது பெரும்பாலும் உண்மையே. ஆனால், நோயாளி சொல்வாரா? நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு கண் மங்கினால் மறு கண் சமாளித்துவிடும். அது எதையும் சொல்லாது. காய்ச்சலில் கிடக்கும் பெரியவர் மங்கலைச் சோர்வின் கணக்கில் சேர்த்துவிடுவார். ஆறு மாதம் கழித்து ஒரு வெண்திட்டு தெரியும்போது, அது பழைய கசிவின் தடமா, திரும்பி வந்த நோயா என்று ஒப்பிட முதல் நாள் படம் இருக்காது. இந்த இழப்பைத் தவிர்க்கத் தேவைப்படுவது மிகச் சிறிய வேலை: சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிய அரை மணி நேரம் காத்திருந்து, விழித்திரையைப் பார்த்துப் படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். படுக்கையை விட்டு எழ முடியாதவரிடம், மருத்துவர் தலையில் மாட்டிக்கொள்ளும் இன்டைரக்ட் ஆப்தால்மோஸ்கோப் வார்டுக்கே போகும். நோய் உறுதியானதும், முடிந்தால் முதல் கீமோவுக்கு முன்பே ஒரு முறை, நோய் அடங்கிய பின் ஒரு முறை, புதிதாக எந்தத் தொந்தரவு வந்தாலும் அன்றே ஒரு முறை இந்தச் சோதனை நடக்க வேண்டும். எடுத்த படத்தின் ஒரு பிரதி, கண் பிரிவிலேயே தங்கிவிடாமல், புற்றுநோய் மருத்துவர் புரட்டும் கோப்பிலும் இருக்க வேண்டும்.