ஆட்டமும் சபைக்கூச்சமும்

'அவையஞ்சாமை' என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார் வள்ளுவர். குறளில் அது 73ஆவது அதிகாரம். அஞ்சாமையைப் பற்றிப் பத்துக் குறள் பாட வேண்டியிருந்தது என்றால், அவர் காலத்திலும் அவையைக் கண்டு அஞ்சியவர்கள் நிறைய இருந்திருக்கத்தான் வேண்டும். ஆகவே, வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' என்பதைக்கூடப் பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லும் நம் தோழர்கள், தங்களைத் தனிப் பிறவிகளாக எண்ணி வருந்த வேண்டியதில்லை.

வள்ளுவர் சொன்னது கற்றோர் அவையில் பேசுவதைப் பற்றி. இக்கட்டுரையோ பேச வராத இளைஞன் ஒருவன் ஆடத் தொடங்கினால் அவனுக்குள் என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றியது.

முதலில் கூச்சம் என்பது என்ன என்று பார்ப்போம். அது அறிவுக் குறைவு அன்று, அடக்கமும் அன்று. பலருடைய கண்கள் ஒருசேர நம்மீது விழும்போது உடல் அதை ஓர் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினல் சுரப்பி தன் வேலையைத் தொடங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, கால் தசைகளுக்கு இரத்தம் விரைகிறது. ஓடுவதற்கு உடல் முழுதும் ஆயத்தமாகிவிட்டது. நாமோ ஓடாமல், கையில் ஒரு தாளைப் பிடித்தபடி, நின்ற இடத்தில் நின்று வாயை மட்டும் அசைக்க வேண்டும். நடுங்காமல் என்ன செய்யும்? பிறர் கண்ணுக்குத் தான் எப்படித் தெரிகிறோம் என்பதே உலகின் பெரிய கேள்வியாக இருக்கும் பதின்பருவத்தில் இது உச்சம் அடைகிறது. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவனை ஆங்கிலத்தில் கட்டுரை படிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதை இம்மலரைப் படிக்கும் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஓடத் துடிக்கும் உடலுக்கு ஆட்டம் ஒரு வேலையைக் கொடுக்கிறது. எழுந்த வேகம் வீணாக நடுக்கமாய்ச் சிதறாமல் கால் வழியே தரையில் இறங்குகிறது. இதைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கடற்கரையிலேயே குலசேகரன்பட்டினம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பின், வெளியூர்க்காரர்கள் அவ்வூரை ராக்கெட்டோடு சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நமக்குக் குலசை என்றால் முத்தாரம்மன் கோயில் தசராதான்.

புரட்டாசியில் கொடியேறிப் பத்து நாள் நடக்கும் அத்திருவிழாவில் நேர்ந்துகொண்டவர்கள் விரதம் இருந்து, காப்புக் கட்டி, வேடம் புனைகிறார்கள். காளி, குரங்கு, கரடி, குறவன் குறத்தி, அரசன், போலீஸ்காரர், பிச்சைக்காரர் என்று வேடங்களுக்குக் கணக்கில்லை. ஊருக்கு ஊர் தசராக் குழுக்கள் உண்டு. மேளமும் தப்பும் முழங்க, தெருத் தெருவாக ஆடிக் காணிக்கை பெற்று, அதைக் கொண்டுபோய் அம்மனுக்குச் செலுத்துவார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். அன்றைக்கு அந்த மணல்வெளியில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் கூட்டம் என்ற சொல்லுக்குப் பொருள் தெரியும்.

பள்ளியில் என்னோடு படித்த ஒருவன். பெயர் வேண்டாம், அவன் வெட்கப்படுவான். ஆசிரியர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்வான். அவன் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு குரங்கு வேடம் கட்டினான். கடைத்தெருவில் ஒரு மிட்டாய்க் கடைப் பலகைமேல் தாவி ஏறி உட்கார்ந்து, கடைக்கார அண்ணாச்சியின் தலையில் பேன் பார்த்தான். தெருவே சிரித்தது, அண்ணாச்சியும் சிரித்துக்கொண்டே பத்து ரூபாய் போட்டார். வகுப்பில் நாலு சொல் சேர்த்துப் பேசாதவன் நானூறு பேரைச் சிரிக்க வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இது எப்படி நடந்தது? வேடம் கட்டியவனை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. காளி வேடம் என்றால் வயதில் மூத்தவர்களும் 'அம்மா' என்று கும்பிட்டுத் திருநீறு வாங்குகிறார்கள். குரங்கு என்றால் குரங்குதான். பார்ப்பவர் கண் விழுவது அவன்மேல் அன்று, வேடத்தின்மேல். எந்தப் பார்வைக்கு அவன் அஞ்சினானோ அந்தப் பார்வையை வேடம் வாங்கிக்கொள்கிறது. அதோடு அவன் தனியாகவும் இல்லை. ஒரே தாளத்துக்கு அடி வைக்கும் இருபது பேரில் ஒருவன்.

சேர்ந்து ஆடுவதால் வரும் இந்த வலுவை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பிரேசில் நாட்டின் மராஜோ தீவில் பள்ளி மாணவர் 264 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியாயிற்று. சிலர் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்து ஆடினர். சிலர் ஒத்திசைவின்றி ஆடினர். சிலருக்குக் கடும் ஆட்டம். சிலருக்கு உட்கார்ந்தபடி சிறு கையசைவு மட்டும். பின்னர் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி, வலி தெரியும் மட்டும் இறுக்கினார்கள். ஒத்திசைந்து ஆடியவர்கள் அதிக வலி தாங்கினார்கள். கடுமையாக ஆடியவர்களும் அப்படியே. கூட ஆடியவர்களிடம் நெருக்கமும் கூடியிருந்தது. வலியைத் தணிக்க உடலே சுரக்கும் எண்டார்பின் இதற்குக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அம்பாப் பாட்டுப் பாடிக் கரைவலை இழுத்த நம் கடலோர மக்களுக்கு இது புதுச் செய்தி அன்று. பட்டை சுற்றித்தான் பார்க்கவில்லை.

ஆனால் பதினோராம் நாள் காப்புக் களைந்தாக வேண்டும். என் பள்ளித் தோழனும் காப்புக் களைந்து வகுப்புக்கு வந்தான், கேள்வி வந்தது, பழையபடி தலை குனிந்துகொண்டான். அடுத்த தசராவில் மறுபடியும் கூரையேறிய குரங்கு. வேடம் ஒரு கதவைத் திறந்துவிடுகிறது என்பது உண்மை. அந்தக் கதவு பத்து நாளில் மூடிக்கொள்கிறது என்பதும் உண்மை. மூடாமல் இருக்க வேறொன்று வேண்டியிருக்கிறது.

அது என்ன என்பதை விலங்கியல் மாணவனாகிய நான் கரப்பான் பூச்சியிடம் கற்றுக்கொண்டேன். சிரிக்க வேண்டாம். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த ராபர்ட் சையன்ஸ் என்ற உளவியலறிஞர், தம் தோழர் இருவருடன் 1969இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கரப்பான் பூச்சிக்கு வெளிச்சம் ஆகாது. ஒரு முனையில் விளக்கைப் போட்டால் மறுமுனையில் இருக்கும் இருட்டுப் பெட்டிக்கு ஓடும். ஒரு பூச்சிக்கு நேரான பாதை. மற்றொன்றுக்குத் திரும்பிச் செல்ல வேண்டிய குறுக்குப் பாதை. பாதையின் இருபுறமும் கண்ணாடி போன்ற பெட்டிகளில் வேறு கரப்பான்களைப் 'பார்வையாளர்'களாக அமர்த்தினார். விளைவு என்ன? பார்வையாளர் இருக்கும்போது நேர்ப்பாதைப் பூச்சி இன்னும் விரைந்து ஓடியது. குறுக்குப் பாதைப் பூச்சியோ தனியாக ஓடியதைவிடத் தடுமாறி, நேரம் பிடித்து வந்து சேர்ந்தது.

அதாவது, பார்வையாளர் முன்னிலை உடலில் ஒரு விசையை எழுப்புகிறது. அந்த விசை நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. நன்கு பழகிய செயலாக இருந்தால் அதை அது மேலே தூக்குகிறது. பழகாத செயலாக இருந்தால் குழப்பிவிடுகிறது. இதை 1965இலேயே ஒரு கட்டுரையில் விளக்கிய சையன்ஸ், மாணவர்கள் தனியறையில் அமர்ந்து படிக்க வேண்டும், தேர்வை மட்டும் மேடையில் பெருங்கூட்டத்தின் முன் எழுத வேண்டும் என்று வேடிக்கையாக ஒரு யோசனை சொன்னார். பாடத்தை முழுதும் படித்திருந்தால் மட்டுமே அது பலிக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். நம்மவர்கள் அந்தப் பின்பகுதியைக் கவனிக்க!

நாட்டியத்தில் அடவு என்று இருப்பது இதற்காகத்தான் போலும். தட்டடவு, நாட்டடவு என்று ஒரே அடியை மூன்று காலத்தில் நூறு முறை, ஆயிரம் முறை ஆடிப் பழகுகிறார்கள். கால் தானாகப் போகும் நிலை வந்தபின்தான் மேடை. சிலப்பதிகார மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில்தான் சோழ மன்னன் முன் அரங்கேறினாள். இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் அவளுடைய ஆட்டத்தோடு ஆடலாசான், இசையாசிரியன், யாழாசிரியன் முதலியோரின் திறத்தையும் விரித்துச் சொல்வது வெறும் அலங்காரம் அன்று என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இனி, நம் காலத்து உண்மைக் கதை ஒன்று. மதுரை அனுப்பானடியில் 1964இல் பிறந்தவர் நர்த்தகி நடராஜ். ஆணாகப் பிறந்து, உள்ளத்தால் பெண்ணாக உணர்ந்த பிள்ளை. தான் யார் என்பதைச் சொல்லும் சொல் வீட்டிலும் இல்லை, பள்ளியிலும் இல்லை, கிடைத்ததெல்லாம் ஏளனம். இத்தகைய பிள்ளையின் கூச்சம் நம்முடைய கூச்சம் போன்றதன்று. நாம் தவறாகப் பேசிவிடுவோமோ என்று அஞ்சுகிறோம். அங்கே நடையும் கையசைவுமே குற்றமாகப் பார்க்கப்பட்டன. ஆனால் எந்த அசைவுக்காகத் தெரு சிரித்ததோ அந்த அசைவையே அவர் கலையாக்கிக்கொண்டார். வைஜயந்திமாலாவின் திரைப்படங்களைப் பார்த்துத் தாமாகவே ஆடத் தொடங்கினார். தம்மைப் போன்றவரான சக்தி பாஸ்கர் என்ற உற்ற தோழி துணையிருந்தார். பிறகு, அந்த வைஜயந்திமாலாவுக்கே குருவாக இருந்த தஞ்சை கே.பி. கிட்டப்பா பிள்ளையைத் தேடிப் போனார்.

கிட்டப்பா பிள்ளை (1913–1999) சாதாரண ஆசான் அல்லர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரின் வழிவந்தவர். இன்று மேடையில் நாம் காணும் அலாரிப்பு முதல் தில்லானா வரையுள்ள வரிசை அந்நால்வர் வகுத்தது. அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. நெடுநாள் காத்திருந்த பின்னரே பாடம் கிடைத்தது. அதன்பின் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு, குரு மறையும்வரை, குருகுல வாசம். 'நர்த்தகி' என்ற பெயரைச் சூட்டியவரும் குருவே. உலகம் வைத்த ஏளனப் பெயர்கள் போய், ஆடுபவள் என்ற ஒரே பொருளுடைய பெயர் நிலைத்தது.

அவர் தமக்கெனத் தேர்ந்துகொண்டது நாயகி பாவம். பக்தன் தன்னை நாயகியாகவும் இறைவனை நாயகனாகவும் வைத்துப் பாடும் மரபு அது. இம்மரபின் பெருங்கவிஞர் ஒருவர் நம் மாவட்டத்துக்காரர். தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரியில் அவதரித்த நம்மாழ்வார். நாயகியாகப் பாடும் நிலையில் அவருக்குப் பராங்குச நாயகி என்று பெயர். பிறந்தது முதல் பதினாறாண்டு புளியமரத்தடியில் வாய் திறவாதிருந்து, மதுரகவியாழ்வார் வந்து கேள்வி கேட்ட பின்பே பேசினார் என்பது ஐதிகம். அக்கோயிலில் திவ்வியப் பிரபந்தத்தைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை இன்றும் உண்டு. ஆண் பெண்ணாகி நின்று பாடுவதை ஏளனம் செய்யாமல் கைகூப்பிக் கேட்ட ஒரு மரபு நம்மிடம் இருந்திருக்கிறது. நர்த்தகி நின்றது அந்த மரபின் மேல். பத்து நாளில் களைய வேண்டிய வேடம் அன்று அது; அவருக்கு அதுவே மெய்.

2007இல் கலைமாமணி, 2011ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது, 2019இல் பத்மஸ்ரீ. பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை அவர். 2021இல் தமிழ்நாடு மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். விருதுகளைவிட இந்தக் கடைசிச் செய்திதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சொல்ல வாயில்லாமல் ஆடத் தொடங்கியவர் அரசுக்கு யோசனை சொல்லும் அவையில் அமர்ந்தார்.

எல்லோரும் பதினைந்து ஆண்டு குருகுலம் போக முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான், வேண்டியதும் இல்லை. சுவீடனில் மனச்சோர்வு, தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி வாடிய 13 முதல் 18 வயதுப் பெண்கள் 112 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் வாரம் இருமுறை, 75 நிமிடம், எட்டு மாதம் நடனம் சொல்லித் தந்தார்கள். நன்றாக ஆடுகிறாயா என்று யாரும் மதிப்பெண் போடவில்லை. மகிழ்ச்சியாக ஆடினால் போதும் என்பதே விதி. 2013இல் வெளியான முடிவின்படி, தங்கள் உடல்நலம் பற்றிய அவர்களுடைய மதிப்பீடு உயர்ந்தது; வகுப்பு முடிந்து பல மாதம் கழித்தும் அந்த உயர்வு குறையவில்லை.

நம் கல்லூரி விழாக்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. விழாவுக்குப் பத்து நாள் முன் 'யார் ஆடுகிறீர்கள்?' என்று அறிவிப்பு வரும். ஏற்கெனவே ஆடத் தெரிந்த அதே நான்கு பேர் கையைத் தூக்குவார்கள். கரப்பான் பூச்சிச் சோதனையை வைத்துப் பார்த்தால், கூச்சமுள்ளவனுக்கு முதலில் தேவை மேடை அன்று. கதவடைத்த ஓர் அறையும், பார்க்க யாரும் இல்லாத மாலை நேரமும், திரும்பத் திரும்ப ஆட நாலைந்து மாதமும்தான். அதற்கு ஒயிலாட்டம் மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம். கையில் துணி, காலில் சலங்கை, வரிசை வரிசையாக ஒரே அடி. தனியாக யாரும் முன்னே நிற்க வேண்டியதில்லை. நன்றாக ஆடுபவன் பக்கத்தில் நின்றால் அவன் காலைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். செலவும் சலங்கையோடு முடிந்தது. நுண்கலை மன்றப் பொறுப்புப் பேராசிரியர் ஆண்டுத் தொடக்கத்திலேயே இதற்கு ஓர் அறையை ஒதுக்கித் தந்தால், பின்வரிசை பெஞ்சிலிருந்து வரக்கூடிய பத்துப் பேரை என்னால் இப்போதே எண்ணிச் சொல்ல முடியும். அவர்களில் ஒருவன் குலசைக் குரங்கு. இந்தக் கல்லூரியில்தான் வேதியியல் படிக்கிறான்.