பிரசவித்த தாயின் அயர்வும் நமது கடமையும்

கரும்பை வெட்டிய பின்னர் மறுதாம்புக்கு எருவும் நீரும் வேண்டும் என்பதை அறியாத விவசாயி விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களில் இல்லை. ஒரு போகம் பயன் தந்த வேர் மீண்டும் வலுப்பெறுமுன் அதனிடம் மகசூலை எதிர்பார்ப்பது முறையன்று. நிலத்திற்குக் காட்டும் இக்கவனத்தைப் பிள்ளை பெற்ற தாய்க்கும் காட்டுகிறோமா என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் குடும்பத் தலைவர்களும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்வது நமது வழக்கம். அங்கே தாயார் பத்தியம் சமைத்துப் போடுகிறார். வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார். இரவில் அழும் குழந்தையை எடுத்துத் தேற்றுகிறார். மிகவும் நல்ல வழக்கம் இது. ஆனால் இரண்டாம் பேற்றின்போது இவ்வுதவி பல வீடுகளில் குறைந்துவிடுகிறது. இடுப்பில் மூத்த குழந்தை. மடியில் இளைய குழந்தை. நடவோ களையெடுப்போ வந்துவிட்டால் வயல் வேலையும் காத்திருக்கிறது. "முதற் பிள்ளைக்கு இருந்த வலு எங்கே போயிற்று?" என்று வீட்டார் கேட்கின்றனர். அவள் சோம்பல் கொண்டுவிட்டதாகக் கருதுவோரும் உண்டு. இது பெருந்தவறாகும்.

அயர்வுக்குக் காரணங்கள்

முதலாவது காரணம் இரத்தக் குறைவு. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஏற்கெனவே குறைந்துள்ள இரத்தம் பிரசவத்தில் மேலும் குறைகிறது. அதனால் மூச்சிரைப்பு, படபடப்பு, தலைச்சுற்றல் ஆகியவை தோன்றுகின்றன.

இரண்டாவது, உறக்கமின்மை. பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதற்கு இரவென்றும் பகலென்றும் இல்லை.

மூன்றாவது, உணவுக் குறைவு. பால் சுரப்பதற்காக முதல் ஆறு மாதங்களில் தாய்க்கு நாள்தோறும் ஏறத்தாழ 600 கலோரி அளவுக்குக் கூடுதல் உணவு தேவை. இத்தேவை மிகுந்த காலத்திலேயே சில வீடுகளில் தண்ணீரைக் கூடக் குறைத்துக் கொடுக்கின்றனர்; தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்பது அவர்கள் எண்ணம். இது சரியன்று. தாகம் எடுக்கும்போதெல்லாம் காய்ச்சி ஆறிய நீரை வேண்டிய மட்டும் அருந்தலாம்.

உணவும் மாத்திரையும்

பத்தியம் முழுவதையும் தள்ளிவிட வேண்டுவதில்லை. பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரை, இரத்தம் ஊறுவதற்கென்று கொடுக்கும் ஆட்டுச் சுவரொட்டி ஆகிய யாவும் நன்மை பயப்பனவே. ஆனால் பருப்பும் முட்டையும் பழமும் கூடாதென்று விலக்குவது தாயின் வலிவைக் குன்றச் செய்யும்.

மல்லாட்டை என்று நம் வட்டாரத்தார் வழங்கும் வேர்க்கடலையை எடுத்துக் கொள்வோம். டி.எம்.வி. என்னும் பெயர் தாங்கிய கடலை இரகங்கள் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. அவ்வெழுத்துகள் இவ்வூரையே குறிப்பன. நூறு கிராம் கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. அதனை விளைவித்த வீட்டிலேயே, பித்தம் என்று சொல்லித் தாய்க்கு மறுப்பது பொருந்துமா? உடலுக்கு ஒவ்வாமை இருந்தாலன்றி வேகவைத்த கடலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துடன் நிறுத்திவிடக் கூடாது. பிறகும் 180 நாள்கள், நாளுக்கு ஒன்றாக உட்கொள்ள வேண்டும். இம்மாத்திரை அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. உணவுக்குப் பின் விழுங்குக; காப்பி, தேநீருடன் சேர்த்து உட்கொண்டால் பயன் குறையும். மலம் கறுத்தால் அஞ்ச வேண்டுவதில்லை.

வீட்டார் செய்ய வேண்டுவன

குழந்தை உறங்கும்போது தாயும் உறங்கட்டும். அந்நேரத்தில் அடுப்பு வேலையையும் துணி துவைப்பதையும் கணவரும் மற்றவரும் ஏற்றுக் கொள்க. பாலூட்டுவது ஒன்றே தாயால் மட்டும் ஆகக்கூடியது. ஏனைய யாவும் பிறராலும் ஆகும். நீர்க்குடம் சுமத்தல், விறகு தூக்குதல் முதலிய கடும் வேலைகளை ஆறு வாரங்களேனும் விலக்குக. எனினும் இருட்டறையில் அசையாமல் கிடத்தலும் நன்றன்று. மெல்ல நடப்பது இரத்தம் உறையாமல் காக்கும்.

தளர்ச்சி மனத்திலும் உண்டாகும். முதல் இரண்டு வாரங்களில் காரணமின்றி அழுகை வருவது பெரும்பாலும் தானே நீங்கும். அதற்கு மேலும் துயரம் நீடித்தாலோ, குழந்தையின்மீது பற்று இல்லாது போனாலோ, உயிர் வேண்டாமென்ற பேச்சு எழுந்தாலோ, அது நோய். பேயோ பிடிவாதமோ அன்று. வளரும் நாடுகளில் பிரசவித்தோரில் ஐவரில் ஒருவருக்கு மனநலக் குறைவு, பெரும்பாலும் மனச்சோர்வு, நேர்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

மிகுந்த இரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், படுத்திருக்கும்போதும் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று காணினும், அயர்வு என்று இருந்துவிடாமல் உடனே 108 ஊர்தியை அழைக்கவும். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனையும், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உள்ளன.

பஞ்சாயத்தின் பங்கு

அலுவலகப் பணியிலுள்ள பெண்ணுக்குப் பேறுகால விடுமுறை உண்டு. வயலில் கூலி வேலை செய்பவளுக்கு அத்தகைய விடுமுறை இல்லை. இக்காலத்தில் அவள் இழக்கும் கூலியை ஈடுசெய்யவும் ஊட்டம் அளிக்கவுமே, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் தொடங்கப்பட்டது. உதவி 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இத்தொகை கடனடைப்பதற்கோ விருந்திற்கோ உரியதன்று. அவளுடைய உணவுக்கும் ஓய்வுக்கும் உரியது என்பதை அங்கத்தினர்கள் வீடுதோறும் எடுத்துரைத்தல் வேண்டும்.

பிரசவித்த ஆறு வாரத்திற்குள் நான்கு முறையேனும் தாயைப் பரிசோதிக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரை. கிராம சுகாதாரச் செவிலியர் வந்து பார்த்தாரா, மாத்திரை கிடைத்ததா, அங்கன்வாடியின் சத்துமாவு அவள் கைக்கே சேர்ந்ததா, வீட்டருகில் குடிநீர் உண்டா என்பவற்றைக் கிராம சபையில் கேட்கலாம். இரண்டாம், மூன்றாம் பிள்ளை பெற்ற தாய்மாரைப் பற்றி முதலில் கேட்பது சாலச் சிறந்தது. துணை குறைந்தவர்கள் அவர்களே.

தாயின் அயர்வு அவள் ஒருத்தியின் குறையன்று. இரத்தத்தையும் உறக்கத்தையும் ஊணையும் வீட்டிற்காகவே அவள் செலவிட்டிருக்கிறாள். அந்தக் கடனை வீடும் ஊரும் திருப்பித் தருமானால், தாயும் சேயும் நலமுற்று வாழ்வர்.