திரையில்லாத கணினியும் கைபேசியும்

ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் இன்னொரு கணினிதான் மெய்நிகர் இயந்திரம். அதற்கென்று தனி இயங்குதளம், நினைவகம், வட்டு, நெட்வொர்க் முகவரி எல்லாம் உண்டு. சொந்தத் திரையும் விசைப்பலகையும் மட்டும் கிடையாது. அதனால் பக்கத்து அறையிலிருந்து பார்த்தாலும் ஓடும் ரயிலிலிருந்து பார்த்தாலும் அதற்கு ஒன்றுதான். அதன் திரை எப்போதும் வேறொரு கருவியில்தான் தெரிகிறது. அந்தக் கருவி கைபேசியாகவோ டேப்லெட்டாகவோ இருக்கலாம்.

ஒரே வன்பொருளைப் பல இயந்திரங்களாகப் பிரிக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1972இல் வி.எம்./370 என்ற பெயரில் தன் பெருங்கணினிகளுக்கு வெளியிட்டது. 1999இல் வந்த வி.எம்.வேர் ஒர்க்ஸ்டேஷன் அதைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. இந்தப் பிரிப்பைச் செய்யும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். விர்ச்சுவல்பாக்ஸ், ஹைப்பர்-வி, லினக்ஸில் உள்ள கே.வி.எம். ஆகியவை இவ்வகை. நிஜக் கணினி ‘ஹோஸ்ட்’. அதற்குள் ஓடும் மெய்நிகர் இயந்திரம் ‘கெஸ்ட்’.

வெளிவாசல், உள்வாசல்

கைபேசியிலிருந்து கெஸ்ட்டை அடைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஹைப்பர்வைசர் வழியாகச் செல்லும் வெளிவாசல். இன்னொன்று, கெஸ்ட்டின் இயங்குதளமே திறந்துவைக்கும் உள்வாசல்.

வெளிவாசலில் நின்று இயந்திரத்தை இயக்கலாம், நிறுத்தலாம், நினைவகத்தைக் கூட்டலாம், அந்நேரத்து நிலையை ‘ஸ்னாப்ஷாட்’ ஆகச் சேமிக்கலாம். கே.வி.எம். மேல் அமைந்த பிராக்ஸ்மாக்ஸ், இவற்றை 8006ஆம் போர்ட்டில் ஒரு வலைப்பக்கமாகத் தருகிறது. கைபேசி உலாவியே போதும். விர்ச்சுவல்பாக்ஸில் அதன் கூடுதல் தொகுப்பை நிறுவினால், கெஸ்ட்டின் திரையை ஹோஸ்டே வெளியே அனுப்பும். இயங்குதளம் நிறுவப்படாத கெஸ்ட்டின் தொடக்கத் திரைகூட இவ்வழியில் தெரியும்.

உள்வாசலுக்குப் பெரும்பாலும் விண்டோஸில் ஆர்.டி.பி., லினக்ஸில் எஸ்.எஸ்.எச். என்ற தொலை இணைப்பு முறைகள் பயன்படுகின்றன. விண்டோஸின் ஹோம் பதிப்பு ஆர்.டி.பி. இணைப்பை ஏற்காது, புரோ பதிப்பு வேண்டும். அன்றாட வேலைக்கு உள்வாசலே வசதி. ஆர்.டி.பி.யில் ஒலி வரும், ஒரு கருவியில் நகலெடுத்ததை மற்றதில் ஒட்டலாம். ஆனால் கெஸ்ட் முழுமையாக எழுந்து, அதன் நெட்வொர்க்கும் சரியாக இருந்தால்தான் இது திறக்கும். எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே இருப்பவர் ஃபயர்வால் விதியைத் தவறாக மாற்றினால், தன்னையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்வார். அப்போது கைகொடுப்பது வெளிவாசல்தான்.

படம் பயணிக்கும் விதம்

1,920க்கு 1,080 புள்ளிகள் கொண்ட திரையில், புள்ளிக்கு 3 பைட் என்று கணக்கிட்டால், ஒரு படத்துக்கு ஏறக்குறைய 62 லட்சம் பைட் ஆகும். நொடிக்கு 30 படங்களை அப்படியே அனுப்பினால் அது 18 கோடி பைட்டைத் தாண்டிவிடும். எந்தக் கைபேசி இணைப்புக்கும் இது பெரும் சுமை. எனவே திரையில் மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புகிறார்கள்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வகத்தில் பிறந்த வி.என்.சி., திரையைச் செவ்வகத் துண்டுகளாகப் பார்த்து, மாறிய துண்டுகளின் புள்ளிகளை அனுப்புகிறது. எந்த இயங்குதளத்துக்கும் பொருந்துவது இதன் பலம். மைக்ரோசாஃப்ட் 1998இல் கொண்டுவந்த ஆர்.டி.பி., ‘இங்கே ஒரு கோடு, அங்கே இந்த எழுத்து’ என்று வரையும் கட்டளைகளையும் அனுப்பக்கூடியது. 1995இல் பின்லாந்தில் உருவான எஸ்.எஸ்.எச். எழுத்துகளை மட்டும் அனுப்புவதால், மெதுவான இணைப்பிலும் தடுமாறாது.

விரலும் சுட்டியும்

சிறு திரையில் விரல் நுனி பல பொத்தான்களை ஒருசேர மூடிவிடும். இதற்காகச் செயலிகள் இருவகைத் தொடுமுறைகளைத் தருகின்றன. ஒன்றில், தொட்ட இடமே சொடுக்கு. மற்றதில், முழுத்திரையும் மடிக்கணினியின் தொடுதகடுபோல் மாறி, சுட்டியை நகர்த்துகிறது. துல்லியமான வேலைக்கு இதுவே ஏற்றது. கைபேசி விசைப்பலகையில் இல்லாத கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் விசைகளுக்குத் தனி வரிசை ஒன்று மேலே வரும்.

வெளிவாசலில் உள்ள நிறுத்தும் பொத்தான்களில் கவனம் தேவை. ஒன்று, முறையாக மூடும்படி கெஸ்ட்டிடம் சொல்வது. மற்றது, மின்சாரத்தைப் பிடுங்குவதற்குச் சமம். எழுதி முடிக்காத கோப்புகள் சிதையலாம்.

கைபேசி இணைப்பு அடிக்கடி அறுபடும். சுரங்கப்பாதையில் சிக்னல் போகும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் முகவரியும் மாறும். ஆர்.டி.பி. அமர்வு துண்டிக்கப்பட்டாலும் திறந்திருந்த நிரல்கள் கெஸ்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். எஸ்.எஸ்.எச். அறுந்தால் ஓடிய கட்டளையும் நின்றுவிடலாம். டிமக்ஸ் போன்ற நிரலுக்குள் வேலையைத் தொடங்கினால், அது கெஸ்ட்டிலேயே உயிரோடிருக்கும். பிறகு இணைந்து தொடரலாம்.

பூட்டு

ஆர்.டி.பி.யின் 3389, வி.என்.சி.யின் 5900 போன்ற போர்ட்டுகளை இணையத்துக்கு நேராகத் திறந்துவைப்பது ஆபத்து. 2019இல் வெளிப்பட்ட ‘புளூகீப்’ ஓட்டை, பழைய விண்டோஸ் பதிப்புகளில் கடவுச்சொல் இல்லாமலே ஆர்.டி.பி. வழியாக நுழைய இடம் தந்தது. வி.என்.சி.யின் அடிப்படைக் கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் கொள்ளும். விர்ச்சுவல்பாக்ஸில் தொலைத்திரை வசதியை இயக்கும்போது, அடையாளச் சோதனை தொடக்கத்தில் ‘எதுவுமில்லை’ என்றே இருக்கும். பயனர்தான் மாற்ற வேண்டும்.

பாதுகாப்பான வழி வி.பி.என். கைபேசி முதலில் வயர்கார்டு போன்ற மறையாக்கச் சுரங்கம் வழியாக வீட்டு அல்லது அலுவலக நெட்வொர்க்கில் சேரும். இரு வாசல்களும் அதற்குள் மட்டுமே திறக்கும்.

இரண்டில் வெளிவாசலுக்கே கனமான பூட்டு வேண்டும். உள்வாசலில் நுழைந்தவர் கையில் நேரடியாகச் சிக்குவது ஒரு கெஸ்ட். ஹைப்பர்வைசரின் நிர்வாகக் கணக்கைப் பிடித்தவரோ அதன்கீழ் உள்ள எல்லா இயந்திரங்களின் வட்டுகளையும் நகலெடுக்கலாம், ஸ்னாப்ஷாட்டுகளோடு அழிக்கவும் செய்யலாம். அந்தக் கணக்குக்கு இரண்டாம் அடையாளச் சோதனையும், கைபேசிக்குத் திரைப்பூட்டும் அவசியம். கைபேசிக்கெனத் தனி மறையாக்கச் சாவி உருவாக்கியிருந்தால், கைபேசி தொலைந்த அன்றே சர்வரில் அந்தச் சாவியை மட்டும் நீக்கிவிடலாம். மற்ற கருவிகளின் இணைப்பு அப்படியே இருக்கும்.