கையிலே காசு, கணக்கிலே பூஜ்யம்



தோட்டங்கள் வீடமைப்பாக மாறிய பின், நம்மவர்கள் கிள்ளான் கிடங்குகளுக்கும் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே முதல் நாளே ஒரு பேச்சு வரும்: "சேமநிதி, சொக்சோ எல்லாம் எதுக்குண்ணே? பிடித்தம் இல்லாம முழுசா கையிலே கொடுத்திடுறேன்."

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிக்கு நம்மிடம் பிடிப்பது 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. முதலாளி தம் பணத்திலிருந்து போட வேண்டியது 13 விழுக்காடு, 221 வெள்ளி. நமக்கு 187 மிச்சமென்று மகிழ்கிறோம். 221 வெள்ளியை மிச்சம் பிடிப்பவர் அவர். ஓராண்டுக்கு 2,652 வெள்ளி நம் முதுமையிலிருந்து போகிறது!

வேலையிலே கை நசுங்கி வீட்டிலே கிடந்தால், தினக்கூலியில் 80 விழுக்காடு தருவது சொக்சோ. பேரேட்டிலே பெயர் இல்லாதவர், தாம் அங்கே வேலை செய்ததையே முதலில் நிரூபிக்க வேண்டும். "இந்த ஆள் யாரு?" என்று முதலாளி கைவிரித்தால் என்ன செய்வது?

ஆகவே, ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்: நாள், இடம், வாங்கிய காசு, ஏற்றிப்போன லாரி எண். எழுத்து ஒப்பந்தம் இல்லையே என்று அஞ்ச வேண்டாம். ஒருவருடைய கட்டளைப்படி வேலை செய்தாலே, மாறாக நிரூபிக்கப்படும்வரை நாம் அவருடைய ஊழியர்தான் என்கிறது 2023இல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம். சேமநிதி கட்டாத முதலாளிக்கு 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

"கேட்டா வேலை போயிடுமே!" தனியாகக் கேட்டால் அந்தப் பயம் நியாயந்தான். பத்துப் பேராகச் சங்கத்துக்கு வாருங்கள்; தொழிலாளர் இலாகாவுக்குச் சேர்ந்தே போவோம்.